கரகரன்னா உடனே வால்வை மாத்தச் சொல்ற மேதாவிகளுக்கு

கிட்டார் ஆம்ப்ளிபயர் கரகரங்குதுன்னு யாராவது வாயைத் திறந்தா போதும், ஒரு கூட்டம் கிளம்பி வந்துடும். "வால்வு போச்சு பாஸ், மொத்தமா மாத்திடு." எப்ப கரகரங்குது, வால்யூமைக் குறைச்சா நிக்குதான்னு ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டாங்க. இதுல வெளிநாட்டுத் தமிழனுக்கு தனி இடம் உண்டு. ஊர்லேர்ந்து போன் வந்தா காதைத் தீட்டறதுக்கு முன்னாடி கிரெடிட் கார்டைத் தீட்டுவான். (கோச்சுக்காதீங்க, உங்களைத்தான் சொல்றேன் :))

விஷயம் இதுதான். கே.ஜி.எஃப். ராபர்ட்சன்பேட்டையில எங்க அக்கா பையன் சர்ச்ல கிட்டார் வாசிக்கிறான். ஊரைக் காலி பண்ணிட்டுப் போன ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் குடுத்த பழைய வால்வு ஆம்ப். கரகரப்பு வந்ததும் பெங்களூருக்குத் தூக்கிட்டுப் போனான். கடை பேரு வேணாம். எல்லா வால்வையும் மாத்தி காசு வாங்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து போட்டா அதே கரகர. திரும்பக் கேட்டா "பழசு தம்பி, புதுசு வாங்கிக்கோ"ன்னு பதில். ரெண்டு மாசம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு அவனுக்கு. சொந்தக்காரங்க மூணு பேரு உடனே "நான் புதுசு அனுப்பறேன்"னாங்க. ஒருத்தர் கூட என்ன கோளாறுன்னு கேக்கலை.

வால்வும் கரகரக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா கே.ஜி.எஃப்.ல அதுவா முதல் சந்தேகம்? ஊர்க்காரங்களுக்கு சயனைடு மேடு தெரியும். நூறு வருஷத்துக்கு மேல பாறையை அரைச்சு தங்கம் எடுத்துட்டுக் கொட்டின மண், மாவு மாதிரி. காத்தடிச்சா சோத்துல விழுது, கண்ணுல விழுது. வால்யூம் கன்ட்ரோலுக்குள்ள மட்டும் விழாதா?

அதனால விசாரணைன்னா இப்படி இருக்கணும். முதல்ல கிட்டார் ஒயரைக் கழட்டு. சத்தம் நின்னா ஒயரோ கிட்டாரோதான் குற்றவாளி. நிக்கலைன்னா வால்யூமை சுத்தமா குறை. அப்ப நின்னா கோளாறு வால்யூமுக்கு முன்னாடி இருக்கு, நிக்கலைன்னா பின்னாடி. பாதி ஆம்ப் சந்தேகத்துலேர்ந்து விடுதலை, அஞ்சு பைசா செலவில்லாம! அப்புறம் ஆஃப் பண்ணி, ஆறினதும் வால்வுகளை எடுத்து காலையும் சாக்கெட்டையும் கான்டாக்ட் கிளீனர் போட்டு துடை. மறுபடி ஆன் பண்ணி ஒரு பென்சிலால முன்பக்க வால்வை ஒண்ணொண்ணா லேசா தட்டு. எதைத் தட்டினா வெடிக்குதோ அதை மட்டும் நல்லதா ஒண்ணு போட்டுப் பாரு. நல்ல வால்வு போட்டும் அதே இடத்துல சத்தம்னா வால்வு நிரபராதி. பிளேட்டுக்குப் போற பழைய கார்பன் ரெசிஸ்டன்ஸைப் பாரு. வயசானா சும்மா இருக்கறப்பவே அடுப்புல கடுகு வெடிக்கற மாதிரி சத்தம் போடும்.

பையனுக்கு வால்யூமைத் திருகினா சத்தம் அதிகம். ரெண்டு தடவை கிளீன் பண்ணியும் போகலை. இங்கதான் நம்ம மேதாவிகள் கோட்டை விடறது. ஆண்டர்சன்பேட்டையில வயசான ரேடியோ மெக்கானிக் ஒருத்தர்கிட்ட போகச் சொன்னேன். "இன்னா தம்பி, வால்வு மேல பழியைப் போட்டுட்டானுங்களா?"ன்னாராம். மீட்டரை வால்யூம் கன்ட்ரோல்ல வெச்சா டி.சி. வோல்ட் காட்டுது. அங்க அது வரவே கூடாது. பிளேட்ல இருக்கற நூத்துக்கணக்கான வோல்ட்டைத் தடுத்து, பாட்டை மட்டும் உள்ள விடறதுதான் நடுவுல உக்காந்திருக்கற கண்டென்சர் வேலை. அது கசியுது. கசிஞ்சா எத்தனை லிட்டர் கிளீனர் ஊத்தினாலும் கரகரப்பு போகாது. ஒரே ஒரு கண்டென்சர் மாத்தினார். ஆன செலவு டீ, பன் காசு.

இந்த மாதிரி ஆளுங்க அந்த ஊர்ல எங்கேர்ந்து வந்தாங்க? 1902லயே சிவசமுத்திரத்துலேர்ந்து கரண்ட் வந்த ஊர் அது. பெங்களூருக்கே 1905லதான். மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழத்துல சுரங்கம் நடத்தின எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும், பெரும்பாலும் நம்ம வட ஆற்காட்டுப் பக்கத்து ஜனங்க, வளர்த்த கை. 2001 பிப்ரவரி 28 அன்னிக்கு சுரங்கத்தை மூடினப்பவும் பழசு, நஷ்டம்னுதான் சொன்னாங்க. தங்கம் குறைஞ்சது நிஜம், மறுக்கலை. அந்தக் கைகளை என்ன பண்றதுன்னு எவனும் யோசிக்கலைங்கறதும் நிஜம். மிச்சம் இருக்கற நாலு பேர்கிட்ட வேலை குடுக்காம நாம கூரியர் அனுப்பிக்கிட்டு இருக்கோம்.

"வால்வு தேய்ற பொருள்தானே?"ன்னு கேப்பீங்க. கடைசியில ஸ்பீக்கரை ஓட்டற பெரிய வால்வு தேயும், சரி. முன்னாடி இருக்கற சின்னது வருஷக்கணக்கா உழைக்கும். ஒரு காலத்துல பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ்லயே வால்வு செஞ்சாங்க. இப்ப பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா சரக்கு. 2022ல ரஷ்யச் சண்டை வந்ததும் விலை எகிறினது வாங்கினவனுக்குத் தெரியும். அதைப் போயி குத்துமதிப்பா மாத்தச் சொல்றதுக்கு என்ன தைரியம் வேணும்!

பி.கு: பென்சில் வைத்தியம் வெளியில தெரியற வால்வுக்கு மட்டும். பெட்டியைத் திறக்கறது வேற கதை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள பெரிய கண்டென்சர்ல 400 வோல்ட் வரைக்கும் தங்கியிருக்கும், ஆளையே எடுத்துடும். தெரிஞ்சவங்க கையிலயே குடுங்க. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு ஆன் பண்ணிப் பாக்கறேன்னு கிளம்பாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிடும்.