கடிதக் கம்பி

பேத்தி முறையாகும் பெண்ணொருத்தி, பிளஸ் டூ தேறிய கையோடு, சென்ற வாரம் கல்லூரி விண்ணப்பத்தாளை என் முன் வைத்து, வரலாற்று இளங்கலையில் ஆவணக் காப்பியலும் ஒரு பாடமாக இருப்பதனாலேயே அந்தக் கல்லூரியை விரும்புவதாகச் சொன்னபோது, "உத்தியோகம் கிடைக்குமா?" என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன், அதை அவள் வீட்டில் அதற்குள் எல்லோருமே கேட்டு முடித்திருப்பார்கள். டில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டு டிப்ளமா முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கே உரியதாகையால், அந்த வாசலை அடையவே ஐந்து வருஷம் ஆகும் என்று மாத்திரம் சொன்னேன். அவள் அதை அறிந்தேதான் வந்திருந்தாள்.

இதைப் படிக்க விரும்புவதன் காரணம் கேட்டிருந்த இடத்தில், பழைய பொருள்கள்மீது சிறு வயது முதல் தனக்குப் பற்று உண்டு என்று எழுதியிருந்தாள். அதே பற்றினால் நான் விளைத்த நாசம் ஒன்றைச் சொல்லும்படி ஆயிற்று.

என் பாட்டனார், வந்த கடிதங்களைப் படித்தவுடன், அடியில் வட்டப் பலகை பொருத்திய கம்பியொன்றில் குத்தி, உத்திரத்து ஆணியில் மாட்டிவிடுவார். அவர் காலமான பின், சிரத்தையுள்ள பேரன் என்று பெயரெடுக்கும் ஆசையில், அத்தனையையும் உருவி, எழுதியவர்வாரியாகப் பிரித்து, நாடா போட்டுக் கட்டினேன். அத்தை போட்ட கார்டு ஒன்றில் தேதி இல்லை. தபால் முத்திரையும் மசி அப்பிக் கிடந்தது. பணம் வந்து சேர்ந்தது, இனிக் கவலையில்லை என்பதே விஷயம். எந்தப் பணம், என்ன கவலை? கம்பியில் அதற்கு மேலும் கீழும் இருந்தவை எவை என்று தெரிந்திருந்தால் ஒருவேளை விளங்கியிருக்கும். அந்த வரிசையைக் கலைத்தவன் நானே.

ஒரு காரியாலயத்தின் காகிதங்களை மற்றொன்றின் காகிதங்களோடு கலக்கலாகாது என்று பிரெஞ்சு தேசத்தில் 1841-லேயே உத்தரவு பிறந்தது; 1898-இல் டச்சு அறிஞர் மூவர் எழுதிய கைந்நூல், உள்வரிசையும் போற்றத்தக்கது என்றது. எழும்பூரில், 1909-இல் சென்னை ரிக்கார்டு ஆபீஸாகத் தோன்றிய ஆவணக் காப்பகத்தில், விஷயத்தைச் சொன்னால் மட்டும் போதாது. எந்த இலாகா, எந்த வருஷம், எத்தனையாவது ஜி.ஓ. என்று எழுதிக்கொடுக்க வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் இதை உத்தியோகஸ்தர்களின் பிடிவாதமென்று எண்ணுவதுண்டு (நானும் எண்ணியவன்தான்). காகிதம் பிறந்த வீட்டிலேயே அதை வாழவிடும் சம்பிரதாயம் அது.

பெண் பதில் ஒன்றும் சொல்லவில்லை. கார்டை ஜன்னலோரம் கொண்டுபோய், நடுத்துளையைச் சுற்றிப் படிந்திருந்த துருக்கறையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மற்றக் கட்டுகளையும் அவிழ்த்து, கறைக்குக் கறை ஒத்துப் பார்க்கலானாள். விளக்கு வைப்பதற்குள் ஏழு கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. அத்தையின் கார்டு அவற்றுள் இல்லை. விண்ணப்பத்தாளை மறுநாள்தான் வந்து எடுத்துப்போனாள்.