சந்தைக்குக் கூரை வேண்டும்!

புளி மழையில் நனைந்தால் என்ன ஆகும்? நிறம் கறுக்கும். விலை இறங்கும். அந்த நஷ்டம், மரம் ஏறிப் புளி உலுக்கியவர் தலையில்தான் விழும்.

கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலையில் உள்ள கரியாலூர் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். புளி, கடுக்காய், தேன், சாமை என்று மலை தரும் பொருள்களை விற்றுத்தான் அங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அந்தப் பொருளுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டுமானால், விற்கும் இடத்தில் முதலில் ஒரு கூரை வேண்டும்.

இதை லண்டன் மாநகரம் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தது.

அங்கே கோவன்ட் கார்டன் என்ற இடத்தில் காய்கறிச் சந்தை கூடி வந்தது. 1670-ம் ஆண்டிலேயே அரசரின் அனுமதி பெற்ற சந்தை அது. கூட்டம் பெருகியது. குப்பையும் பெருகியது. வெட்டவெளியும் கொட்டகைகளும் போதவில்லை.

1830-ல் அங்கே புதிய கட்டிடம் எழுந்தது. கட்டியவர் சார்லஸ் ஃபவுலர். பழைய ரோமாபுரிக் கோவில்களில் உள்ளது போல, வரிசை வரிசையாகக் கல்தூண்களை நிறுத்தினார். ஆனால், உள்ளே இருந்தது சாமி அல்ல, முட்டைக்கோசும் ஆப்பிளும்தான்!

தூண் வரிசை கண்ணுக்கு அழகு. அதுவே தாழ்வாரமாகவும் பயன்பட்டது. மழை மேலே படாமல் நடந்து சாமான் வாங்கலாம். அதே நூற்றாண்டில் இரும்பும் கண்ணாடியும் கொண்ட கூரையும் வந்தது. வெளிச்சம் உள்ளே வரும், மழை வராது.

நம் சென்னையிலும் இப்படி ஒரு பெரிய மார்க்கெட் இருந்தது. சென்ட்ரல் ரெயில் நிலையத்தின் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்தான் அது. நகரசபைத் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-ல் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1900-ல் திறந்தார்கள். இதன் பாணி வேறு. இந்திய வளைவுகளும் ஐரோப்பிய அமைப்பும் கலந்த செந்நிறக் கட்டிடம். பழைய புத்தகம் முதல் பறவைகள் வரை அங்கே கிடைத்தன.

இரண்டு கட்டிடங்களும் என்ன ஆயின?

1974-ல் லண்டன் காய்கறி வியாபாரம் வேறு இடத்துக்குப் போயிற்று. கட்டிடத்தை இடிக்கவில்லை. பழுது பார்த்து, 1980-ல் கடைவீதியாகத் திறந்தார்கள். இன்றும் மக்கள் கூடுகிறார்கள்.

மூர் மார்க்கெட் 1985 மே 30-ந் தேதி தீயில் கருகியது. பிறகு அந்த இடம் ரெயில்வே வசம் போயிற்று. அங்குள்ள ரெயில்வே வளாகத்துக்கு மட்டும் இன்றும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

பழைய சந்தைக் கட்டிடம் ஒன்று போனால், போனதுதான். எஞ்சி நிற்பவற்றை ஊர்தோறும் காக்க வேண்டும்.

வெட்டவெளியில் கூடும் மலைச் சந்தைகளுக்கு ரோமாபுரித் தூண்கள் தேவையில்லை. நீர் தேங்காத மேட்டுத் தரை, அகலமான தாழ்வாரம், காற்று வரும் கூரை, ஒரு விளக்கு போதும். அரசும் ஊராட்சியும் மனம் வைத்தால் முடியாத காரியமா இது?

அப்போது புளி நனையாது. உழைப்பின் விலையும் இறங்காது.