ரெக்கார்டுக்குத் திரும்பி வந்த மவுசு! பரணில் கிடப்பதை எடைக்குப் போடலாமா?

நெய்க்காரப்பட்டி, பழனி வட்டாரத்தில் ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்து, கோவில் நோம்பி என்றால் குழாய் கட்டி 'ரெக்கார்டு' போடுவார்கள். 1980-களில் கேசட் வந்தது. தட்டுகள் பரணுக்குப் போயின. கொஞ்சம் பழைய இரும்புக் கடைக்கும் போயின.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. சி.டி.யோ 3 கோடியே 30 லட்சம்தான். 1987-க்குப் பிறகு தட்டு முந்தியது அதுவே முதல் தடவை!

செல்போனில் சும்மா கிடைக்கும் பாட்டுக்குக் காசு கொடுப்பானேன்? கையில் பிடித்துப் பார்க்க அட்டை இருக்கிறது. பாதியில் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவுவதும் லேசில்லை. உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும், ருசியே அங்கேதான்.

விலை தெரிந்தவர் வாங்க வருகிறவர். தெரியாதவர் பரண் வீட்டுக்காரர். வில்லங்கம் இதுதான். தட்டெல்லாம் தங்கம் என்று நினைக்கவும் வேண்டாம். கீறல் விழுந்தது, அட்டை தொலைந்தது அவ்வளவாகப் போகாது.

78 சுற்றுத் தட்டு பெரும்பாலும் அரக்குக் கலவை. கை தவறினால் சுக்குநூறு. எல்.பி. பிளாஸ்டிக், வெயிலில் வைத்தால் அப்பளமாக நெளியும். கிராமபோன் இரும்பு முள்ளை எல்.பி.யில் வைத்தால் பாட்டு அன்றோடு சரி!