ஒரே மரபணு, இரண்டு புரதம்: கார்-டி சிகிச்சையிடமிருந்து ரத்தப் புற்றுநோய் தப்பிப்பது எப்படி?

2025 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் சேர்ந்து ஒரு நல்ல செய்தி சொன்னார்கள். 'வெல்கார்ட்' என்ற ஆய்வில், நோயாளியின் சொந்த ரத்த செல்களையே மருந்தாக மாற்றி, மருத்துவமனையிலேயே தயாரித்துக் கொடுத்தார்கள். தயாரிக்க ஆன காலம் சுமார் 9 நாட்கள். சிகிச்சை பெற்றவர்களில் 80% பேருக்கு, சராசரியாக 15 மாதம் கழித்தும் புற்றுநோய் இல்லை.

சிறிய ஆய்வுதான். ஆனாலும் பெரிய நம்பிக்கை. ராமநாதபுரத்துக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் இந்த மாதிரி சிகிச்சைக்கு ராமேஸ்வரம், மண்டபம் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் கிளம்பினால் வேலூருக்கு சுமார் 500 கிலோமீட்டர் போக வேண்டும். அவ்வளவு தூரம் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இதோட முழுசா சரியாயிடுமா? திரும்ப வராதா?"

பலருக்குத் திரும்ப வருவதில்லை. சிலருக்கு வருகிறது. அப்படி வருவதற்கான காரணங்களில் ஒன்று, நம் செல்லுக்குள் தினமும் நடக்கும் ஒரு 'வெட்டி ஒட்டும்' வேலை.

கார்-டி சிகிச்சை என்ன செய்கிறது?

நம் ரத்தத்தில் உள்ள டி செல்கள் நோய் எதிர்ப்புப் படையின் வீரர்கள். அவற்றை எடுத்து, ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைக் கண்டுபிடிக்கப் பழக்கி, மறுபடி உடம்புக்குள் செலுத்துவதுதான் கார்-டி. அந்த அடையாளத்தின் பெயர் சிடி19. இது பி செல்களின் மேலுறையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சவ்வுப் புரதம். பி செல்களில் உருவாகும் ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் செல்களிலும் இது இருக்கும்.

மீன்பிடி இறங்குதளத்தில் நிற்கும் விசைப்படகுகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பதிவு எண் எழுதியிருக்கும். ரோந்துக்குப் போகிறவர்கள் அந்த எண்ணை வைத்துத்தான் படகை அடையாளம் காண்பார்கள். சிடி19-ம் அப்படி ஒரு பதிவு எண்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல பி செல்களிலும் அதே எண் இருக்கிறது. அதனால் கார்-டி செல்கள் அவற்றையும் அழித்துவிடும். இதனால்தான் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு எதிர்ப்பு சக்தி குறைந்து, தொற்றுகள் வரும் ஆபத்து அதிகமாகிறது.

சரி, 'வெட்டி ஒட்டுவது' என்றால் என்ன?

மரபணுவில் இருக்கும் தகவல் நேரடியாகப் புரதமாக மாறிவிடாது. முதலில் ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படும். அந்த நகலில் வேண்டாத பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, வேண்டிய துண்டுகளை மட்டும் செல் ஒட்டிக்கொள்ளும். இந்தத் துண்டுகளுக்கு எக்ஸான் என்று பெயர். இந்த வேலைதான் ஸ்ப்ளைசிங். 1977-ல் இதைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லா நேரமும் ஒரே மாதிரி ஒட்டப்படுவதில்லை. ஒரு துண்டை விட்டுவிட்டு மற்றதை ஒட்டினால் வேறொரு புரதம் வரும். இதற்குப் பெயர் ஆல்டர்நேட்டிவ் ஸ்ப்ளைசிங். மனிதனிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20 ஆயிரம்தான். அதைவிடப் பல மடங்கு வகைப் புரதங்கள் உருவாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதாவது இது கோளாறு இல்லை, ஆரோக்கியமான செல்லிலும் நடக்கும் இயல்பான வேலை.

புற்றுநோய் இதை எப்படிப் பயன்படுத்துகிறது?

2015-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். கார்-டி சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பிய குழந்தைகளின் புற்றுநோய் செல்களைப் பார்த்தபோது, சிலவற்றில் சிடி19 மரபணு அழிந்துவிடவில்லை. ஆனால் ஆர்என்ஏ-வை ஒட்டும்போது 2-வது எக்ஸான் விடுபட்டிருந்தது. கார்-டி செல் பிடித்துக்கொள்ளும் இடம் உருவாக அந்தத் துண்டுதான் தேவை. படகு ஓடுகிறது, பதிவு எண் இருந்த பலகையை மட்டும் காணோம். ரோந்துப் படகு பக்கத்தில் வந்தும் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடுகிறது.

அடுத்து வந்த ஆய்வில் இன்னொரு விஷயம் தெரிந்தது. 2-வது எக்ஸான் இல்லாத இந்த வடிவம், சிகிச்சை தொடங்கும் முன்பே நோயாளிகளிடம் கொஞ்சம் இருந்தது. ஆரோக்கியமானவர்களின் எலும்பு மஜ்ஜையிலும் இருந்தது. அப்படின்னா, புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நல்ல செல்லுக்கும் தெரிந்த வேலையையே தன் வசதிக்கு எடுத்துக்கொள்கிறது. சிகிச்சை மற்ற செல்களை அழிக்கும்போது, அடையாளம் மறைந்த சில செல்கள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன.

நோய் திரும்புவதற்கு இது ஒன்றே காரணம் இல்லை. சிடி19 மரபணுவில் பிறழ்வு ஏற்படலாம், செலுத்திய டி செல்கள் உடம்பில் நிலைக்காமல் போகலாம்.

இதே வேலை மருந்துக்கும் வழி காட்டுகிறது

நுரையீரல் புற்றுநோயில் 'மெட்' என்ற சவ்வுப் புரதத்தை எடுத்துக்கொள்வோம். செல்லை வளரச் சொல்லும் புரதம் இது. வேலை முடிந்ததும் இதை அப்புறப்படுத்தச் சொல்லும் குறி, 14-வது எக்ஸானில் இருக்கிறது. சில புற்றுநோய்களில் அந்தத் துண்டு விடுபட்டுப் போவதால், 'வளர்' என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். சிறு செல் அல்லாத நுரையீரல் புற்றுநோயில் சுமார் 3% பேருக்கு இப்படி இருக்கிறது. இவர்களுக்கென்றே டெபோடினிப், கேப்மாடினிப் என்ற மாத்திரைகள் 2020 முதல் வெளிநாடுகளில் அனுமதி பெற்றன.

ஒரு இடத்தில் விடுபட்ட துண்டு மருந்தை ஏமாற்றுகிறது. இன்னொரு இடத்தில் அதுவே மருந்துக்கான இலக்கு ஆகிறது. எந்த மரபணு என்பதோடு, அது எப்படி வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

நோயாளி குடும்பத்துக்கு இதனால் என்ன?

முதலாவது, பணம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான். 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்19-ன் விலை 30 லட்சம் ரூபாய்க்கு மேல். வெளிநாட்டு விலையைவிட இது பல மடங்கு குறைவுதான். ஆனால் கடலை நம்பி வாழும் குடும்பத்துக்கு? வேலூர் முறையில் செலவு உலக விலையைவிட சுமார் 90% குறையும் என்று சொல்லப்படுவது அதனால்தான் முக்கியம். அவ்வளவு செலவழித்துச் செய்யும் சிகிச்சைக்கு முன், இலக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இரண்டாவது, பரிசோதனை. நோய் திரும்பினால் பழைய ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. புதிதாக மஜ்ஜை அல்லது சதைப் பரிசோதனை எடுத்து, சிடி19 இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுரையீரல் புற்றுநோயில், டிஎன்ஏ பரிசோதனையில் தப்பும் 'மெட்' மாற்றத்தை ஆர்என்ஏ பரிசோதனை சில நேரம் பிடித்துவிடும். இதையெல்லாம் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

மூன்றாவது, சாதாரண விஷயம்தான். ஆனால் பலர் தவறவிடுவது. பயாப்ஸி எடுத்த மெழுகுக் கட்டி, ஸ்லைடு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள். மதுரைக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ போகும்போது இவை கையில் இருந்தால், பல நேரம் அடுத்த பரிசோதனையை அதிலேயே செய்துவிடலாம்.

சிடி19-ஐ மட்டும் நம்பாமல், சிடி22 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துக் குறிவைக்கும் கார்-டி செல்கள் உலகம் முழுக்கப் பரிசோதனையில் உள்ளன. ஆனால் சிடி22-ம் துண்டுகளை விட்டு ஒட்டப்படுவது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அதனால் 'திரும்ப வராதா?' என்ற கேள்விக்கு டாக்டர்கள் உடனே உறுதி சொல்லாமல், "தொடர்ந்து செக்-அப்புக்கு வாங்க" என்று சொல்வார்கள். தூரத்தைப் பார்த்து அந்தச் செக்-அப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.