காதுக்கு 21 நாள் கெடு

போர்ட் கொச்சி இருக்கும் எர்ணாகுளம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று, கருவியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சென்று சோதிக்கும் திட்டத்தை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் கொச்சிக் கிளை 2003இல் அங்கே துவக்கியது.

ஆனால் சைட்டோமெகலோ வைரஸ் இந்தச் சோதனைக்கும் டிமிக்கி கொடுக்கும். கருவிலேயே தொற்றும் இது, பிறந்தபோது நன்றாகக் கேட்ட காதைச் சில ஆண்டுகள் கழித்தும் பழுதாக்கலாம். தொற்றிய பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்பது பேருக்குப் பிறக்கும்போது அறிகுறியே இருக்காது.

சோதனையில் தவறும் குழந்தையின் சிறுநீரையோ எச்சிலையோ 21 நாட்களுக்குள் பரிசோதிப்பது அவசியம். அதற்குப் பிறகு வைரஸ் தென்பட்டால், கருவில் வந்ததா தாய்ப்பாலில் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். மருந்து கொடுப்பதானாலும் முதல் மாதத்திலேயே தொடங்குவது நல்லது. தேறிய குழந்தையையும் விட்டுவிடக் கூடாது: கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பெற்றோர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.