அரசாங்கத் திருச்சபையும் கிறிஸ்தவ நாடும்

ஒரு நாட்டைக் 'கிறிஸ்தவ நாடு' என்று அழைக்கின்றோம். அப்பெயர்க்குப் பொருள் யாது? அந்நாட்டு மக்களுட் பெரும்பாலார் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதா? அந்நாட்டரசன் தேவாலயத்தில் முடிசூடுகின்றான் என்பதா? அன்றி, அந்நாட்டின் சட்டமும் வாணிகமும் போரும் கிறிஸ்து பெருமானின் போதனைக்கு இயைந்து நிகழ்கின்றன என்பதா? பல சமயத்து மாணவரும் ஒருங்கிருந்து பயிலும் நம் கல்லூரியில் இவ்வினா அடிக்கடி எழுவதொன்று. "உம் சமயத்தைத் தன் அரசியற் சமயமாகக் கொண்ட இங்கிலாந்து உலகில் செய்தவற்றைப் பாரீர், அதுவோ கிறிஸ்தவம்?" என்று நண்பர் வினவுங்கால், வாளாவிருத்தலும் சினங்கோடலும் விடையாகா. ஆதலின் இங்கிலாந்தையே எடுத்துக்கொண்டு இதனை ஒருவாறு ஆராய்வாம்.

1534-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னன் போப்பாண்டவரின் அதிகாரத்தை விலக்கி, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவனெனச் சட்டம் இயற்றுவித்தான். 1559-இல் எலிசபெத்து அரசியார் 'தலைவர்' என்பதை விடுத்து, 'மேலாளுநர்' என்னும் பெயர் பூண்டார். அப்பதவி இன்றளவும் முடியுடையார்க்கே உரியதாய் நிற்கின்றது. பிரபுக்கள் சபையில் 26 அத்தியட்சர்கள் தம் பதவி வழியாகவே அமர்கின்றனர். 2023-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் மூன்றாம் சார்லஸ் மன்னர் முடிசூடியபோது, சட்டத்தால் நிலைநாட்டப்பெற்ற சீர்திருத்தச் சமயத்தைக் காப்பதாக ஆணையிட்டுத் திருத்தைலத்தால் அபிஷேகம் பெற்றார். வெளித்தோற்றத்தை மட்டும் நோக்குவார்க்கு இதனிற் சிறந்த கிறிஸ்தவ நாடு வேறில்லை எனத் தோன்றும்.

ஆனால் 2021-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் எடுத்த குடிமதிப்பில், தம்மைக் கிறிஸ்தவர் என்று எழுதியோர் நூற்றுக்கு 46.2 பேரே, சமயம் எதுவுமில்லை என்றோர் 37.2 பேர். இத்தொகையைக் காட்டி, "இக்காலத்திலன்றோ அந்நாடு வழுவியது; முன்னர் அது மெய்யாகவே கிறிஸ்தவ நாடாயிருந்தது" என்பாரும் உளர். அங்ஙனமாயின், குடிகள் ஏறக்குறைய அனைவரும் கிறிஸ்தவர் எனப்பட்ட அக்காலத்தையே நோக்குவாம்.

நம் கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடுதற்கு மூலமாயிருந்த நூலை இயற்றிய ஜான் பனியன், அரசாங்கத் திருச்சபையின் இசைவின்றிப் பிரசங்கம் செய்தமைக்காக 1660 முதல் ஏறத்தாழப் பன்னீராண்டு சிறையில் வைக்கப்பட்டார். 1673-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அரசாங்க உத்தியோகம் ஏற்போர் இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி திருவிருந்து அருந்தியே தீரவேண்டும் என்றது. ஆண்டவர் தம் அடியார்க்கு அன்பின் நினைவாக வைத்துச் சென்ற விருந்து, உத்தியோகத்திற்கு ஏறும் படிக்கட்டாயிற்று! இச்சட்டம் நீங்கியது 1828-இல். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளிற் பட்டமும் பதவியும் பெறுதற்கு இருந்த சமயத் தடைகள் பெரும்பாலும் ஒழிந்தது 1871-இல்.

அடிமை வாணிகமோ இதனினுங் கொடிது. நம் நெல்லை நாட்டார் நன்கறிந்த எஸ்.பி.ஜி. சங்கம், 1710-இல் இறந்த காட்ரிங்டன் என்பாரின் மரணசாசனத்தால், பார்படோஸ் தீவிற் கரும்புத் தோட்டங்களையும் அவற்றில் உழைத்த அடிமைகளையும் உடைமையாகப் பெற்றது. தொடக்கத்தில் அவ்வடிமைகளின் மார்பில் 'சங்கம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் காய்ச்சிய இரும்பாற் பொறித்தனர். 1833-இல் பார்லிமெண்டு அடிமைத்தனத்தை ஒழித்தபோது, உடையவர்க்கு இரண்டு கோடிப் பவுன் ஈடு வழங்கியது. உழைத்தவர்க்கு ஒரு காசும் வழங்கவில்லை. இக்குற்றத்தில் தனக்கிருந்த பங்கிற்காக இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை மன்னிப்புக் கேட்டது 2006-ஆம் ஆண்டிலேயாம்.

நம் நாட்டுச் செய்தியும் இதனோடு ஒப்பவே உளது. அரசாங்கத் திருச்சபையுடைய நாட்டுக் கம்பெனியார், தம் வாணிகத்திற்கு இடையூறாகுமென அஞ்சி, 1813-ஆம் ஆண்டுச் சாசனம் வரையில் மிஷனெரிமாரைத் தடுத்தே வந்தனர். வில்லியம் கேரி 1800-இல் டேனியர் கொடியின் கீழிருந்த சீராம்பூரை அடைக்கலமாக நாடினார். டேனியராவது குறையற்றவரோ எனின், அதுவுமன்று. லுத்தரன் சபையை அரசாங்கத் திருச்சபையாகக் கொண்ட டென்மார்க்கின் மன்னரே 1706-இல் சீகன்பால்கு ஐயரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். அம்மன்னரின் பெயரால் ஆண்ட தரங்கம்பாடித் தளபதியே 1708-இல் அவரைச் சிறையிலிட்டார். மன்னரின் பக்தி கடல் கடந்து வருதற்குள் கம்பெனியின் இலாபக்கணக்கு முந்திக்கொண்டது போலும்!

இவ்வளவே கூறி நிறுத்துதல் நடுவுநிலையாகாது. அடிமை வாணிகத்தை 1807-இல் ஒழிப்பித்த வில்பர்போர்ஸ் அத்திருச்சபையைச் சார்ந்தவரே. தொழிற்சாலைச் சிறுவர்க்காகப் பல்லாண்டு வழக்காடிய ஷாப்ட்ஸ்பரி பிரபுவும் அவ்வாறே. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், போர்வெறி மிக்கிருந்த காலத்தும், ஜெர்மானிய நகரங்களை முழுமையும் அழிக்கும் குண்டுவீச்சினைச் சிச்செஸ்டர் அத்தியட்சர் ஜார்ஜ் பெல் பிரபுக்கள் சபையிற் கண்டித்தார். "அரசாங்கத் திருச்சபை என்பதொன்று இல்லையாயின், அவர் எழுந்து பேச அவ்விடம் கிடைத்திருக்குமோ?" என்பது தக்க வினாவே.

இடம் கிடைத்தது உண்மை. ஆனால் நாடு செவிசாய்த்ததா? குண்டுவீச்சு நிற்கவில்லை. 2022-இல், புகலிடம் நாடி வந்தோரை ருவாண்டா நாட்டிற்கு அனுப்பும் திட்டத்தைப் பேராயர் இருவரும் அச்சபை அத்தியட்சர்களும் ஒருங்கே எதிர்த்தெழுதினர். எனினும் 2024-இல் அதற்குரிய சட்டம் நிறைவேறி, முன்னாண்டிற் சமயத்தைக் காப்பதாக ஆணையிட்ட மன்னரின் இசைவையும் பெற்றது. பின்னர் ஆட்சி மாறியமையாலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. இன்னுமொன்று காண்க. 1787-இல் அடிமை வாணிகத்தை எதிர்க்கக் கூடிய முதற்குழுவினர் பன்னிருவருள் ஒன்பதின்மர் குவேக்கர்கள். அந்நாளிற் பார்லிமெண்டில் அவர்க்கு இடமில்லை, உத்தியோகமும் இல்லை. ஆயினும் நாட்டின் மனச்சாட்சியை முதலில் தட்டியெழுப்பினோர் அவரே.

இடம் பெற்ற திருச்சபை அதற்கு ஈடாக இழந்ததும் உண்டு. தான் திருத்தியமைத்த ஜெபநூலை வழங்குதற்கு இங்கிலாந்துத் திருச்சபை பார்லிமெண்டின் இசைவை வேண்டியபோது, காமன்ஸ் சபை 1927-இலும் 1928-இலும் அதனை மறுத்துவிட்டது. ஒரு சபை தன் ஆண்டவரிடம் எவ்வாறு ஜெபிப்பது என்பதனை, அச்சபையைச் சாராதாரும் அமர்ந்த மன்றம் வாக்கெடுத்து முடிவுசெய்தல் விந்தையன்றோ?

"அரசின் துணை நீங்கின் சபை நலியும்" என்று அஞ்சுதலும் வேண்டா. அயர்லாந்தில் 1871-இலும், வேல்சில் 1920-இலும், சுவீடனில் 2000-இலும் அத்துணை நீங்கியது. சபைகள் நின்று நிலவுகின்றன. நம் நாட்டு ஆங்கிலிக்கன் சபை 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1930-இல் இங்கிலாந்துச் சபையினின்றும் பிரிந்தது. பிரிந்தமையால் அது குன்றிற்றோ? பதினேழாண்டு கழித்து, 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ஆம் நாள், அதன் தென்னாட்டு அத்தியட்சாதீனங்கள் பிற சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அரசின் கட்டு நீங்கியிராவிடின் அவ்வொருமைப்பாடு எளிதாயிராது என்பது என் துணிபு.

ஆகவே, சட்டத்தால் ஒரு திருச்சபையை நிலைநாட்டலாம். ஒரு நாட்டைக் கிறிஸ்தவ நாடாக்கல் இயலாது. செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் வகுத்துரைத்த வள்ளுவர், மன்னன் எத்தெய்வத்தை வணங்கினான் என்று ஆண்டு வினவினாரல்லர். அவன் குடிகள் அழுதனரா, மகிழ்ந்தனரா என்றே நோக்கினார். நம் ஆண்டவரும் இறுதி நியாயத்தீர்ப்பைக் குறித்துக் கூறுமிடத்து, பசித்தோனையும் அந்நியனையும் சிறைப்பட்டோனையும் எவ்வாறு நடத்தினீர் என்றே கேட்பதாக உரைத்தார். அக்கோலால் அளப்பின், இங்கிலாந்து மட்டுமன்று, எந்நாடும் அப்பெயர்க்கு முற்றும் உரியதன்று. நண்பர்க்கு நாம் சொல்லத்தக்க விடையும் இதுவே: அந்நாட்டின் குற்றங்களை மறைக்க வேண்டுவதில்லை, அவற்றைக் குற்றமென்று காட்டும் கோல் கிறிஸ்துவின் கையில் உள்ளது.

அக்கோல் நம்மையும் அளக்கும். நமக்கு அரியணை இல்லை. அதனை விரும்பவும் வேண்டா. ஆயினும் நம் கைக்கு உட்பட்ட சிறுநாடுகள் சில உள. நம் சபைகள், நம் பள்ளிகள், நம் கல்லறைத் தோட்டங்கள் ஆகிய இவற்றை ஆள்வோர் நாமேயன்றோ? இறந்தோரையும் சாதி பார்த்துப் பிரித்துப் புதைக்கும் வழக்கம் நம்மிடையே சிலவிடங்களில் இன்னும் ஒழிந்திலது. பிறநாட்டைக் கிறிஸ்தவ நாடா என்று வினவும் நாம், முதற்கண் அவ்வேலிகளைப் பிடுங்கி எறிவோமாக.