பிள்ளை கேட்டால் என்ன சொல்லுவீர்கள்?



ஊழியத்தின் நிமித்தம் நான் அந்தமானுக்கு வந்து சேர்ந்த நாட்களில் எனக்கு வழி காட்டியவை தெருப்பெயர்கள் அல்ல, கட்டடங்களும் சிலைகளுமே. "அபர்டீன் பஜார் மணிக்கூண்டண்டை இறங்குங்கள்", "ஜெயிலுக்கு எதிரே பூங்கா இருக்கும், அங்கே நில்லுங்கள்" என்று சொல்லுவார்கள். பிழைப்புக்காக அந்நிய ஊருக்கு வந்தவனுக்கு இந்த அடையாளங்களே முதல் சிநேகிதர். எதிரேயுள்ள ராஸ் தீவு 2018 டிசம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் பெற்றது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர்கள் மாறினாலும் நம் ஜனங்கள் இன்றும் மணிக்கூண்டைச் சொல்லியே வழி கேட்கிறார்கள்.

ஒரு சாயங்காலம், நம் சபையைச் சேர்ந்த ஒரு கொத்தனார் சகோதரனோடும் அவருடைய எட்டு வயது மகனோடும் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். செல்லுலார் சிறைக்கு எதிரேயுள்ள பூங்காவில் வரிசையாக நிற்கும் சிலைகளைக் கண்ட சிறுவன், "அப்பா, இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டான். தகப்பன் ஒரு கணம் தயங்கி, "அது நம்ம ஸ்டாப்புடா, இறங்கு" என்றார். சிறுவன் என் முகத்தைப் பார்த்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் தெரியவில்லை. எத்தனையோ வருஷங்களாக அந்தச் சிலைகளைக் கடந்து வீட்டு ஜெபங்களுக்குப் போய்வந்தவன் நான். அன்று இரவு அந்த வெட்கம் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போனேன். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவரும் 1933 மே மாதம் சிறைக்குள்ளே உண்ணாநோன்பு இருந்தவர்கள். வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டதால் உயிரிழந்தவர்கள். இந்து பூஷண் ராய் என்பவர் செக்கிழுக்கும் சிறையின் கொடுமை தாங்காமல் 1912இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டவர். இவர்களை நாம் "ஸ்டாப்" என்று அழைத்துக்கொண்டிருந்தோம்!

அடுத்த சனிக்கிழமை தகப்பனையும் மகனையும் சிறைக்குள்ளே அழைத்துப் போனேன். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. நடுவில் ஒரு காவல் கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல ஏழு நீண்ட பகுதிகள். ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஏறக்குறைய 700 தனி அறைகள். ஒரு பகுதியின் முகப்பு அடுத்த பகுதியின் முதுகையே பார்க்கும். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். சிறுவன் ஓர் அறைக்குள் போய் நின்று, உயரத்திலிருந்த சிறிய ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு, வேகமாய் வெளியே ஓடிவந்தான்.

தகப்பனோ சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "செங்கல் கட்டு எவ்வளவு சுத்தமா இருக்கு, பாஸ்டர்! இதைக் கட்டினது யாரு?" என்று கேட்டார். "கைதிகளேதான்" என்றேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அவங்க பேரை எங்கேயாவது எழுதியிருக்கா?" என்றார். கோபுரத்தில் சிறைப்பட்ட விடுதலை வீரர்களின் பெயர்கள் பளிங்கில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சாந்தும் செங்கலும் சுமந்தவர்களின் பெயர்களைக் குறித்து என்னால் பதில் சொல்ல இயலவில்லை. இந்த நகரத்தில் வீடுகளையும் அலுவலகங்களையும் கட்டிக் கையில் காய்ப்பு ஏறிய ஒருவர் கேட்ட கேள்வி அது.

அந்த ஏழு பகுதிகளில் இன்று நிற்பவை மூன்றே. மற்றவை இடிக்கப்பட்டன. அவ்வளாகத்திலே 1963இல் கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை எழும்பிற்று. எஞ்சிய சிறை 1979 பிப்ரவரி 11 அன்று தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. "தம்பி, நீ பிறந்ததும் அந்த ஆஸ்பத்திரியிலேதான்" என்று தகப்பன் மகனிடம் சொன்னார். மனுஷர் கதறி அழுத வளாகத்தில் பச்சிளம் குழந்தைகளின் முதல் அழுகை கேட்கிறது! அந்தச் சிறுவனுக்கு அந்தக் கட்டடம் அன்று முதல் வெறும் ஜெயில் அல்ல.

நம்மில் சிலர் சிலை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறோம். நாம் சிலைகளை வணங்குகிறவர்கள் அல்லர், அது மெய்தான். ஆனால் வணங்குவது வேறு, நினைவுகூருவது வேறு. யோர்தானைக் கடந்து வந்த ஜனங்கள் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலிலே நாட்டினார்களே, எதற்காக? பின்வரும் நாட்களில் பிள்ளைகள் அவற்றைக் குறித்துக் கேட்கும்போது தகப்பன்மார் பதில் சொல்லவேண்டும் என்பதற்காக. கல் தானாய்ப் பேசாது. அதன் அருகில் நிற்கும் தகப்பன் பேசவேண்டும்.

இதே ஊரில் ராஜீவ் காந்தி நீர் விளையாட்டு வளாகத்தில் மற்றொரு நினைவுச்சின்னம் உண்டு. 1859 மே மாதம் தங்கள் மண்ணுக்காக வில்லும் அம்புமாய் ஆங்கிலேயரை எதிர்த்து மாண்ட அந்தமான் பழங்குடியினருக்கானது அது. படகுச் சீட்டு வாங்கும் அவசரத்தில் அதைக் கவனியாமல் போகிறவர்கள் அநேகர். நமக்கு முன்னே இந்தக் கரையில் வாழ்ந்தவர்களையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டாமா?

அருமையானவர்களே, மும்பையிலோ, பெங்களூரிலோ, இந்தத் தீவுகளிலோ, பிழைப்பு நம்மை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தாலும், நாம் அனுதினமும் கடந்துபோகும் ஒரு கட்டடமோ ஒரு சிலையோ உண்டு. இந்த மாதத்தில் ஒரு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் முன்பாக நில்லுங்கள். பலகையிலுள்ளதை வாசியுங்கள், தெரியாததை விசாரித்து அறியுங்கள். நீங்கள் எந்தக் கப்பலில், எந்த ரயிலில், கையில் எத்தனை ரூபாயோடு இந்த ஊருக்கு வந்தீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். ஊரின் கதையோடு உங்கள் வீட்டின் கதையும் அவர்கள் உள்ளத்தில் நிலைத்திருக்கும்.

அந்தச் சிறுவன் இப்பொழுது பேருந்தில் அந்தப் பூங்காவைக் கடக்கும்போதெல்லாம் அருகில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பெயர்களைச் சொல்லுகிறானாம். தகப்பன் சந்தோஷத்தோடே என்னிடம் சொன்னார்.

உங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள். பதிலோடு ஆயத்தமாயிருங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.